கடலோர டோக்கைடோ பாதை அதிவேகப் பாதையான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் புல்லட் ரயில் என்றதும் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அது பிறந்ததற்குக் காரணம் இட நெருக்கடி. டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை கடலோரமாகப் போன பழைய ரயில் பாதையில், இனி ஒரு வண்டியைக்கூட நுழைக்க முடியாது என்ற நிலை 1950களில் நெருங்கியது. அதற்குத் தேடிய விடைதான் ஷின்கான்சென். நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

டோக்கைடோ என்றால் என்ன? அது உண்மையிலேயே கடலோரப் பாதையா?

'கிழக்குக் கடல் வழி' என்பது அந்தப் பெயரின் பொருள். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், அங்கிருந்து கியோட்டோவுக்குப் போன பெருவழி அது. வழியில் பயணிகள் தங்கிச் செல்ல 53 ஊர்கள் இருந்தன. பின்னால் ரயிலும் ஏறக்குறைய அதே வழியைப் பிடித்துக்கொண்டது. ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு 1872இல் ஓடியதுதான் ஜப்பானின் முதல் ரயில். 1889இல் அந்தப் பாதை கோபே வரை நீண்டது. அன்று ஷிம்பாஷியில் ஏறியவர் கோபேயில் இறங்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆனது.

முழுக்கவும் கடலைப் பார்த்தபடி போகும் பாதை என்று நினைத்துவிட வேண்டாம். நகோயாவைத் தாண்டியதும் அது உள்நாட்டுப் பக்கம் திரும்பி, செகிகஹாரா வழியாக மலைகளுக்கு நடுவே போகிறது. ஆனால் ஒடவாராவிலிருந்து ஹமனா ஏரி வரை ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் மலை. நடுவில் கிடைக்கிற ஒடுங்கிய நிலத்தில்தான் ஊர், வயல், சாலை, ரயில் எல்லாம்.

அப்படி என்ன நெரிசல்?

1950களில் ஜப்பான் தேசிய ரயில்வேயின் மொத்தப் பாதை நீளத்தில் இந்த ஒரு பாதை வெறும் 3 சதவீதம். ஆனால் நாட்டின் ரயில் பயணிகளில் சுமார் 24 சதவீதமும், சரக்கில் சுமார் 23 சதவீதமும் இதன் மேல்தான் போயின. டோக்கியோ, யோகோஹாமா, நகோயா, கியோட்டோ, ஒசாகா என்று பெரிய நகரங்களெல்லாம் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. போருக்குப் பின் தொழில் பெருகப் பெருக, சுமை முழுவதும் அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தது.

சும்மா இருந்துவிடவில்லை. 1956 நவம்பரில் முழுப் பாதையையும் மின்மயமாக்கினார்கள். டோக்கியோ–ஒசாகா பயணம் ஏழரை மணி நேரமாகக் குறைந்தது. 1958இல் கொடாமா என்ற மின்சார எக்ஸ்பிரஸ் வந்து அதை 6 மணி 50 நிமிடமாக்கியது. 1960இல் ஆறரை மணி நேரம். அதற்கு மேல் அந்தப் பாதையைக் கசக்கிப் பிழிய வழியில்லை.

இரட்டைப் பாதைதானே? வண்டிகளை இன்னும் நெருக்கமாக விட்டிருக்கலாமே?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நடுவில் ஒதுங்க இடமில்லாத 100 கிலோமீட்டர் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு ஒரு கூட்ஸ் வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 8 மணிக்குத்தான் மறுமுனை சேரும். அதன் பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸை எப்போது விடலாம்? 7 மணிக்கு முன்னால் விட்டால், வழியில் கூட்ஸின் வாலைப் பிடித்துவிடும். ஆக ஒரு மணி நேரம் முழுக்க எக்ஸ்பிரஸைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போனால் சில நிமிட இடைவெளி போதும். பாதையின் கொள்ளளவைத் தின்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வேக வித்தியாசம்தான்.

நடைமுறையில் லூப் லைன் போட்டு, மெதுவான வண்டியை ஓரம் கட்டுவார்கள். பாசஞ்சர் வண்டியில் போனவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்: எக்ஸ்பிரஸுக்கு வழிவிட, ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் அரை மணி நேரம் நிற்கும். ஜன்னலில் தலையை நீட்டி சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருப்போம். டோக்கைடோவில் எக்ஸ்பிரஸ், இரவு வண்டி, உள்ளூர் வண்டி, கூட்ஸ் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் ஓடின. ஒரு எக்ஸ்பிரஸைக் கூட்டினால் இரண்டு மூன்று கூட்ஸ்களைத் தியாகம் செய்ய வேண்டும்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு தண்டவாளம் போட்டிருந்தால் செலவு மிச்சமாகியிருக்காதா?

ரயில்வேக்குள்ளேயே பலர் கேட்டது இதைத்தான். மூன்று யோசனைகள் மேசையில் இருந்தன. பழைய பாதையை ஒட்டி அதே கேஜில் (இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில்) நான்கு வழியாக்குவது ஒன்று. வேறு வழியில், அதே கேஜில் தனிப் பாதை போடுவது இரண்டாவது. வேறு வழியில், அகலமான கேஜில் தனிப் பாதை போடுவது மூன்றாவது. முதல் யோசனையில் ஒரு வசதி உண்டு: எங்கே நெரிசல் அதிகமோ அங்கே முதலில் போட்டு, பணம் கிடைக்கும்போது மீதியைப் போடலாம்.

ஆனால் பழைய பாதையை ஒட்டிப் போட்டால் அதன் வளைவுகள், லெவல் கிராசிங் கேட்டுகள், நகரங்களுக்குள் நுழையும் சிக்கல் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ரயில் வந்த பிறகு ஊர்கள் அதை நெருங்கி வளர்ந்துவிட்டன. இருபுறமும் வீடும் கடையும் தொழிற்சாலையும். அந்த நிலத்தை வாங்குவது புதிய நிலத்தை வாங்குவதைவிடப் பெரும்பாடு.

யுயி என்ற ஊருக்கு மேற்கே சட்டா மலை கடலுக்குள் இறங்குகிறது. மலையடியை உரசிக்கொண்டு பழைய ரயில் பாதை, அதை ஒட்டி தேசிய நெடுஞ்சாலை 1, அதற்கும் வெளியே கடல் விளிம்பில் பின்னாளில் வந்த விரைவுச்சாலை, அப்புறம் அலை. இந்த இடத்தில் நான்கு வழி என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஷின்கான்சென் அங்கே மலைக்குள் சுரங்கமாக நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது.

கேஜை ஏன் மாற்றினார்கள்?

ஜப்பானின் பழைய கேஜ் 1,067 மில்லிமீட்டர். நம்முடைய பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் கூடுதல். மீட்டர் கேஜில் விழுப்புரம், திருச்சிப் பக்கம் போனவர்களுக்கு அந்த ஆட்டம் மறந்திருக்காது. குறுகிய தளத்தின் மேல் உயரமான பெட்டி நின்றால், வேகம் கூடக் கூட நிதானம் குறையும். 1,435 மில்லிமீட்டர் கேஜ் வந்ததும் பெட்டியை 3.38 மீட்டர் அகலத்துக்குக் கட்ட முடிந்தது. ஒரு வரிசையில் ஐந்து பேர் உட்காரலாம்.

இன்னொரு லாபத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. கேஜ் வேறாக இருந்ததால் மெதுவான வண்டி எதுவும் அந்தப் பாதைக்குள் நுழையவே முடியாது. 'இந்த ஒரு கூட்ஸை மட்டும் விட்டுவிடலாமே' என்று எந்த அதிகாரியும் பிற்பாடு ஆரம்பிக்க வழியில்லை. இதற்கு விலையும் உண்டு: ஒசாகாவுக்கு மேற்கே போகிறவர்கள் அன்று இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. அன்று எழுந்த எதிர்ப்பில் இதுவும் ஒன்று, நியாயமான எதிர்ப்புதான்.

இந்த யோசனை 1950களில்தான் வந்ததா?

இல்லை. டோக்கியோவிலிருந்து ஷிமோனோசெகி வரை 1,435 மில்லிமீட்டர் கேஜில் ஒரு 'தோட்டா வண்டி' விட 1940இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. புல்லட் ரயில் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். நிலம் வாங்கினார்கள், சில சுரங்கங்களைத் தொடங்கினார்கள். போர் முற்றியதும் எல்லாம் நின்றது. ஆனால் வாங்கிய நிலமும் பாதி குடைந்த சுரங்கங்களும் அப்படியே இருந்தன. புதிய டன்னா சுரங்கம் 1941இல் தொடங்கி 1943இல் நின்றது. அதே இடத்தில் 1959இல் மறுபடி வேலையைத் தொடங்கி 7,959 மீட்டரும் முடித்தார்கள். 1944இல் முடிந்த நிஹோன்சாகா சுரங்கத்தில் சில காலம் பழைய பாதையின் வண்டிகள் ஓடின. பிறகு அது ஷின்கான்செனுக்கு வந்தது. முழுப் பாதையையும் ஐந்தரை ஆண்டுகளில் முடித்தார்கள் என்று வியக்கிறோம்; முந்தைய தலைமுறை விட்டுப்போன இந்தச் சொத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதை முன்னின்று நடத்தியவர்கள் யார்?

தேசிய ரயில்வேயின் தலைவராக 1955இல் ஷின்ஜி சோகோ வந்தபோது அவருக்கு வயது 71. விமானமும் காரும் வந்துவிட்டன, ரயிலின் காலம் முடிந்தது என்று உலகமே பேசிய நேரம். அவர் முதலில் செய்த காரியம், ரயில்வேயை விட்டுப் போயிருந்த ஹிடியோ ஷிமாவைத் தலைமைப் பொறியாளராகத் திரும்ப அழைத்து வந்தது. ஷிமாவின் தந்தை பழைய தோட்டா வண்டித் திட்டத்தில் உழைத்தவர். அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் தொடர்ந்தார்.

1957 மே மாதம் ரயில்வே ஆய்வுக்கூடத்தின் பொறியாளர்கள் டோக்கியோவின் கின்சாவில் ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்தினார்கள். டோக்கியோ–ஒசாகா மூன்று மணி நேரத்தில் முடியும் என்பது அதன் சாரம். பேசியவர்களில் தடானாவோ மிக்கி போர்க்காலத்தில் கடற்படைக்கு விமானம் வடிவமைத்தவர். தடாஷி மாட்சுடைரா விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்தவர். ரயில் சக்கரம் வேகத்தில் இடமும் வலமும் ஆடுவதை அதே கணக்கால் அடக்கினார். ஹஜிமே கவானாபே சிக்னல் துறை. தோற்ற நாட்டில் விமானம் கட்டத் தடை இருந்த காலத்தில், அந்த அறிவெல்லாம் தண்டவாளத்துக்கு வந்து சேர்ந்தது என்பது என்னை எப்போதும் நெகிழ வைக்கும் விஷயம்.

பணம் எங்கிருந்து வந்தது? மதிப்பீட்டுக்குள் முடித்தார்களா?

முடிக்கவில்லை. முதலில் சொன்ன தொகை 19,720 கோடி யென். முடிந்தபோது 38,000 கோடி யென், ஏறக்குறைய இரண்டு மடங்கு. உண்மைத் தொகையைச் சொன்னால் ஒப்புதல் கிடைக்காது என்று சோகோ தெரிந்தேதான் குறைத்துச் சொன்னார் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது.

1961 மே மாதம் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். ஆனால் வெளியே கையெழுத்துப் போட்டுவிட்டால் அரசாங்கம் மாறினாலும் திட்டத்தைக் கைவிட முடியாது. அதுதான் அந்தக் கடனின் உண்மையான பலம். சோதனை நிலையில் உள்ள தொழில்நுட்பத்துக்கு வங்கி கடன் தராது. எங்களுடையது ஏற்கெனவே நிரூபணமான நுட்பங்களை ஒன்று சேர்த்ததுதான் என்று ஷிமா விளக்கினார். அது உண்மையும்கூட. கடனை 1981இல் அடைத்து முடித்தார்கள்.

செலவு எகிறியதால் 1963இல் சோகோ பதவியை இழந்தார், ஷிமாவும் விலகினார். 1964 அக்டோபர் 1ஆம் தேதி காலை 6 மணிக்கு டோக்கியோவில் முதல் வண்டி கிளம்பிய விழாவில் அவர்கள் இருவரும் இல்லை. இன்று டோக்கியோ நிலையத்தில் 18, 19ஆம் தடங்களுக்கான பிளாட்பாரத்தின் கோடியில் சோகோவின் முகம் பதித்த நினைவுக்கல் இருக்கிறது. வண்டிக்கு ஓடுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நீங்கள் போனால் இரண்டு நிமிடம் முன்னால் போய் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

செலவைக் குறைத்துச் சொன்னது சரியா? என் மனத்துக்குச் சரியென்று படவில்லை. பலன் நன்றாக வந்ததால் நாம் மன்னிக்கிறோம். அதே வழியைப் பின்பற்றிப் பாதியில் நின்ற திட்டங்களை யாரும் மன்னிப்பதில்லை.

வேகத்துக்காகப் புதிதாக என்னென்ன செய்தார்கள்?

வளைவு ஒவ்வொன்றையும் குறைந்தது 2,500 மீட்டர் ஆரத்தில் அமைப்பது விதி. அட்டாமி போன்ற சில இடங்களில் மலையும் ஊரும் விடவில்லை. இன்றும் அங்கே வண்டி வேகத்தைக் குறைத்துத்தான் போகிறது. 515 கிலோமீட்டரில் ஒரு லெவல் கிராசிங்கூடக் கிடையாது.

இழுக்க எஞ்சின் இல்லை. எல்லாப் பெட்டிகளின் அடியிலும் மோட்டார். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் நம் வந்தே பாரத்தும் எஞ்சின் இல்லாமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைத்து ஓடும் வண்டிகள்தான். கனமான எஞ்சின் ஒரே இடத்தில் அழுத்தினால் பாதையும் பாலமும் அதற்கேற்பக் கனமாக வேண்டும். மென்மண்ணும் ஆற்று முகத்துவாரமும் நிறைந்த கடலோரத்தில் எடையைப் பரப்புவது பெரிய லாபம்.

200 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ஓரத்து சிக்னலை டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக் போட நேரம் போதாது. அதனால் அனுமதித்த வேகத்தை டிரைவரின் முன்னாலேயே காட்டினார்கள். மீறினால் வண்டி தானாகவே பிரேக் போடும். ஒடவாராவுக்கும் அயாசேவுக்கும் இடையே சுமார் 32 கிலோமீட்டர் பாதையை 1962இல் முதலில் கட்டி இவை எல்லாவற்றையும் சோதித்தார்கள். 1963 மார்ச்சில் ஒரு சோதனை வண்டி 256 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

திறந்தபோது அதிகபட்ச வேகம் 210. இருந்தும் மண் கரைகள் இறுகும் வரை அடக்கி ஓட்டியதால் ஹிக்காரி என்ற வேக வண்டிக்கு டோக்கியோ–ஒசாகா போக முதல் வருடம் 4 மணி நேரம் ஆனது. 1965 நவம்பரில் 3 மணி 10 நிமிடம்.

கொள்ளளவு நிஜமாகவே எவ்வளவு கூடியது?

1964இல் நாளொன்றுக்கு இரு திசையிலும் சேர்த்து 60 வண்டிகள். இன்று நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 17 வண்டிகள் வரை: மிகச் சில இடங்களில் மட்டும் நிற்கும் நொசோமி 12, அதைவிடக் கொஞ்சம் அதிகம் நிற்கும் ஹிக்காரி 2, பழைய எக்ஸ்பிரஸின் பெயரையே வாங்கிக்கொண்ட கொடாமா 3. ஒவ்வொன்றும் 16 பெட்டி, 1,323 இருக்கை. பெருக்கினால் மணிக்கு 22,000க்கு மேல் இருக்கைகள்.

இதை அருகிலிருந்து பார்க்க ஒடவாரா நல்ல இடம். ஒரு மாலை அந்தப் பிளாட்பாரத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் கொடாமா மெதுவாக வந்து ஓரத் தடத்தில் ஒதுங்கும். கதவு திறக்கும். ஒருவர் இறங்கி காப்பி வாங்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பி ஏறினார். அதற்குள் நடுத்தடத்தில் காற்றை அறைந்துகொண்டு ஒரு நொசோமி போனது. நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் 400 மீட்டர் வண்டியும் கடந்துவிட்டது. சில நிமிடத்தில் இன்னொன்று. பிறகு கொடாமா கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. மெதுவான வண்டி ஒதுங்குவது இங்கேயும் நடக்கிறது. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் உச்ச வேகம் ஒன்றே, நிற்கும் இடங்கள்தான் வேறு. அதனால் நிமிடக் கணக்கில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பாதையில் இடமிருந்தாலும் டோக்கியோவில் பிளாட்பாரம் காலியாக வேண்டுமே. வந்த வண்டியே திரும்பிப் போகும். அந்தக் குறுகிய நிறுத்தத்தில் பயணிகள் இறங்க, ஏற ஆகும் நேரம் போக, சுத்தம் செய்யக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் குப்பை எடுத்து, இருக்கைகளைப் போகும் திசைக்குத் திருப்பி, தலைச்சாய்வுத் துணியைப் பார்த்து, ஈரமான இருக்கை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். 17 வண்டி என்ற எண்ணிக்கைக்குள் அந்தத் தொழிலாளர்களின் கையும் இருக்கிறது.

பழைய பாதை என்ன ஆயிற்று? மூடிவிட்டார்களா?

மூடவில்லை, அதற்குப் புது வாழ்வு வந்தது. எக்ஸ்பிரஸ்கள் புதிய பாதைக்குப் போனதும் உள்ளூர் வண்டிகளுக்கும் சரக்குக்கும் இடம் கிடைத்தது. ஷின்கான்செனில் இரவில் சரக்கும் ஓட்டுவதாக ஆரம்பத்தில் திட்டமிருந்தது, அது நடக்கவேயில்லை. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை வண்டியே ஓட்டாமல் பராமரிப்புக்கு விட்டார்கள்.

பழைய பாதையில் 2004 முதல் கண்டெய்னர் சுமக்கும் மின்சாரச் சரக்கு வண்டி ஒன்று இரவில் ஓடுகிறது. டோக்கியோ–ஒசாகா சுமார் 6 மணி 12 நிமிடம். 1960இல் நாட்டின் தலைசிறந்த பயணிகள் எக்ஸ்பிரஸுக்கு ஆனது ஆறரை மணி நேரம். அன்றைய பயணியைவிட இன்றைய பார்சல் வேகமாகப் போகிறது, அதே பாதையில்.

பாதுகாப்பு எப்படி? நிலநடுக்க நாடாயிற்றே?

தனிப் பாதையின் அருமையை 1963 நவம்பர் 9ஆம் தேதி நடந்த விபத்து சொல்லும். யோகோஹாமாவின் சுருமியில் பழைய டோக்கைடோ பாதையில் ஒரு கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் தடம் புரண்டு பக்கத்துத் தடத்தை மறித்தன. அதில் வந்த பயணிகள் வண்டி மோதி, எதிர்த்தடத்தில் வந்த இன்னொரு பயணிகள் வண்டியின் மேல் பாய்ந்தது. 161 பேர் இறந்தார்கள். ஷின்கான்சென் திறக்க இன்னும் ஒரு வருடம்கூட இல்லாத நேரம் அது. அந்தப் புதிய பாதையில் 1964 முதல் இன்றுவரை தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை.

நிலநடுக்கத்தில் முதலில் வருவது வேகமான, சேதம் குறைந்த அலை. பின்னால் வருவதுதான் இடிக்கும் அலை. முதல் அலையைத் தூரத்துக் கருவிகள் உணர்ந்ததும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு வண்டிகள் பிரேக் போட்டுவிடும். கிடைப்பது சில நொடிகள்தான். ஆனால் இந்த வேகத்தில் சில நொடி பெரிய விஷயம்.

செகிகஹாராவில் பனிதான் தலைவலி. வண்டியின் அடியில் ஒட்டும் பனி கட்டியாக விழுந்தால் ஜல்லி தெறித்து அடிப்பாகத்தை உடைக்கும். அதனால் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தெளித்து, பனி தூளாகப் பறக்காமல் கனமாக்குகிறார்கள். ரொம்பவும் பனி பெய்தால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

யாருக்கும் பாதிப்பே இல்லையா?

இருந்தது. நகோயாவில் வீடுகளை ஒட்டி மேம்பாலத்தில் வண்டிகள் பறந்தன. பகல் முழுக்கச் சில நிமிடத்துக்கு ஒருமுறை வீடு அதிரும். பொறுக்க முடியாமல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் 1974இல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. 1986இல்தான் சமரசம் ஆனது. இதற்கிடையே 1975இல் குடியிருப்புப் பகுதிக்கு 70 டெசிபெல் என்று அரசு வரம்பு வைத்தது. ஒலித்தடுப்புச் சுவர்களும் வண்டியின் நீண்ட மூக்கும் பிற்பாடு வந்ததில் அந்த மக்களின் போராட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. முதலிலேயே அவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

தண்ணீரின் கதை இன்னும் பழையது. 1918இல் தொடங்கி 1934இல் முடிந்த பழைய டன்னா சுரங்கம், பழைய பாதையின் ஏற்றங்களைத் தவிர்க்கக் குடைந்தது. 16 ஆண்டு வேலையில் 67 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்கு மேலே டன்னா என்றொரு பள்ளத்தாக்கு: ஊற்று நிறைந்த ஊர், நெல்லும் வசாபி என்ற காரச் செடியும் விளைந்த மண். வசாபிக்கு ஓடும் குளிர்ந்த நீர் வேண்டும். சுரங்கம் போகப் போக மலையின் நீரெல்லாம் அதன் வழியே வடிந்தது. அருகிலுள்ள ஆஷி ஏரியைப் போல மூன்று மடங்கு என்று கணக்குச் சொல்வார்கள். மேலே ஊற்றுகள் வற்றின. வசாபி போனது, வயலுக்கும் தண்ணீர் தட்டியது. அந்த ஊர் மாடு வளர்ப்புக்கு மாறியது.

இவ்வளவு செய்தும் மறுபடி நிரம்பிவிட்டதாமே?

ஆமாம். 1992இல் நொசோமி 270 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரமாக்கியது. 2003இல் ஷினகாவாவில் புது நிலையம் வந்தது. 2015இல் வேகம் 285. 2020இல் மணிக்கு 12 நொசோமி. இனி நெருக்க இடமில்லை. கடலோரப் பாதையைப் பெரிய நிலநடுக்கமோ சுனாமியோ தாக்கினால் நாட்டின் முதுகெலும்பே முறியும் என்ற பயமும் உண்டு.

அதனால் உள்நாட்டு மலைகளுக்கு அடியில் 505 கிலோமீட்டர் வேகக் காந்த மிதவை ரயிலுக்கு 2014இல் வேலை தொடங்கினார்கள். டோக்கியோ–நகோயா 40 நிமிடம் என்பது இலக்கு. ஆனால் தெற்கு ஆல்ப்ஸ் மலைச் சுரங்கம் ஓய் ஆற்றின் நீரைக் குறைத்துவிடும் என்று ஷிசுவோகா மாநிலம் பல ஆண்டுகள் அனுமதி கொடுக்காமல் நின்றது. 2027இல் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மாநிலம் பிடிவாதம் பிடித்ததாகப் பலர் எழுதினார்கள். டன்னா பள்ளத்தாக்கு இருப்பதும் அதே மாநிலத்தில்தான். அங்குள்ளவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நம் நாட்டில் இதே வழி ஒத்துவருமா?

மும்பை–அகமதாபாத் 508 கிலோமீட்டர் பாதை ஷின்கான்சென் முறையில், ஜப்பான் கடனுதவியோடு, 1,435 மில்லிமீட்டர் கேஜில் கட்டப்படுகிறது. நாட்டின் நெரிசல் மிகுந்த தடங்களில் அதுவும் ஒன்று. தனிப் பாதை என்ற தர்க்கம் பொருந்துகிறது.

கேரளத்தின் கடலோரம் வேறு. அங்கேயும் ஒடுங்கிய நிலம், வளைவு, நெரிசல் எல்லாம் உண்டு. திருவனந்தபுரம்–காசர்கோடு சுமார் 530 கிலோமீட்டருக்கு சில்வர்லைன் திட்டம் வந்தபோது, எல்லைக் கல் நட்ட இடங்களிலெல்லாம் போராட்டம் வெடித்தது. 1,435 கேஜ் வேண்டுமா என்ற வாதமும் பலமாக எழுந்தது. ஜப்பான் கேஜை மாற்றியது பழையது குறுகல் என்பதால். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், ஷின்கான்செனைவிடவே அகலம். அந்தக் காரணம் நமக்குப் பொருந்தாது. வேகமான வண்டியையும் மெதுவான வண்டியையும் பிரிப்பதுதான் டோக்கைடோவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. கேஜை அப்படியே காப்பியடிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

டோக்கியோவிலிருந்து போகும்போது எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

ஃபூஜி மலை வேண்டுமென்றால் வலப்பக்கம், இரண்டு பேர் உட்காரும் வரிசையில் ஜன்னலோரம். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டி, மேகம் இல்லாவிட்டால் தெரியும். எல்லோரும் அந்த இருக்கைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

கடல் வேண்டுமென்றால் இடப்பக்கம், மூன்று பேர் வரிசையில் ஜன்னலோரம். ஒடவாராவைத் தாண்டியதும் கைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள். அட்டாமி வரை சுரங்கம் மாற்றிச் சுரங்கம். இருட்டு, ஒரு கணம் நீலம், மறுபடி இருட்டு. அந்த ஒரு கணத்தில், கீழே மலைச் சரிவில் பழைய டோக்கைடோ பாதையும் கண்ணில் படும்.